ஷிஜு சொன்னது முழுதும்

டிசம்பர் 14, சனி

காலையில் சாரல். ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து, பிறகு மனமிரங்கியது.

ஊரில் திரைப்பட விழா. பத்திரிகை அலுவலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது தவளை. ‘தவளைத் துரை’ கார்ட்டூன் படத்தின் மூன்றாம் பாகம், தமிழ் டப்பிங். டெஸ்க்கிலிருந்து பத்மகுமார் கூப்பிட்டான். “உலகம்மையக்கா, பப்ளிக் ஒப்பீனியன் ஒரு சின்ன பீஸ். சாயங்காலத்துக்குள்ள கிடச்சா மதி, போதும்.”

முதல் பாகத்தை நானும் பார்த்திருக்கிறேன். தவளையை முத்தமிட்டு மனிதனாக்க இளவரசி வருவாள். அது, “முத்தம் வேண்டாம், முறுக்கு இருந்தா குடு” என்று சொல்லிவிட்டுக் குளத்தில் குதிக்கும். அந்த வருடம் இந்த மலையாள ஊரின் தமிழ்ப் பிள்ளைகள் வாயில் வேறு பேச்சே இல்லை.

தியேட்டர் வாசலில் யூடியூப் மைக்குகள். மைக்கைக் கண்டால் ஆட்களுக்குக் குரல் மாறிவிடுகிறது. “மரண மொக்கை!” என்று கத்திவிட்டு, சரியாகப் பதிவாயிற்றா என்று கேட்கிறார்கள். நான் வாசலில் நிற்பதில்லை. பார்க்கிங்கில், ஹெல்மெட்டை மாட்டுகிற இடத்தில் நிற்பேன். படம் எப்படி என்றும் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய் எந்த இடத்தைச் சொல்லிக் காட்டுவீர்கள் என்று கேட்பேன். படம் பிடித்திருந்தால் அங்கேயே நடித்துக் காட்டிவிடுவார்கள்.

இன்று ஒருவரும் நடிக்கவில்லை. நீலச் சட்டைப் பையன் வெகுநேரம் யோசித்து, “தவள சாடவே இல்ல ஆன்ட்டி, ஒரு குதி கூட இல்ல” என்றான். அவன் அம்மா, “தவள மனுஷனாயிப் போச்சு. மனுஷனானா பின்ன உபதேசம்தானே” என்றார். ஒரு பெரியவர், “ஏசி கொள்ளாம்” என்று ஏசியை மட்டும் மெச்சி நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக ஷிஜு. களியக்காவிளைக்காரர், விழிஞ்ஞம் துறைமுகத்தில் கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் வேலை. கூடவே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஷாலு. அவர் சொன்னது:

“படம் கொள்ளாதுக்கா, மோசம். பாதி வர ரெண்டு பேரும் உம்முன்னு இருந்தோம். பின்ன இவ எனக்க காதுல, ‘முத்தம் வேண்டாம், முறுக்கு இருந்தா குடு’ன்னா. நான், ‘முறுக்கு தின்னப் பல்லு வேணும்’னேன். அங்கோட்டு படம் தீருறது வர பழைய படத்தையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். முன்னால இருந்த ஆளு திரும்பித் திரும்பி மொறச்சாரு. இதுபோல ஒரு படம் பாத்து எத்தன வருஷமாச்சு!”

“அப்பா, மதி” என்று ஷாலு அவர் சட்டையை இழுத்தாள். அவள் வண்டிப்பக்கம் போனதும் தணிந்த குரலில் சொன்னார்: “ஷிப்ட்டு வேலயாக்கும். நான் வாறப்பம் இவ ஒறங்குவா. கண்டாலும் ஒரு ‘ம்’, ஒரு ‘ஊஹூம்’. இன்னைக்குத்தான் பேசினா.”

அனுமதி கேட்டுவிட்டு இருவரையும் ஒரு படம் எடுத்தேன். எல்லாவற்றையும் முழுதாக அனுப்பினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பத்திரிகையில் நீலச் சட்டை இல்லை. அம்மா இல்லை. ஏசி இல்லை. ஷிஜுவின் முகம் மட்டும் மூன்றாம் பக்கத்தில் பெரிதாக. ஓரத்தில் ஷாலுவின் பின்னல் பாதி. கீழே, “இதுபோல ஒரு படம் பாத்து எத்தன வருஷமாச்சு!” ஃபேஸ்புக்கிலும் அதே முகம், அதே வரி, மஞ்சள் எழுத்தில் ஒரு கார்டு.

பத்மகுமாரைக் கூப்பிட்டேன். “ஸ்பேஸ் இல்லக்கா. எல்லாரும் மோசம்னு சொல்றப்ப ஒருத்தராவது நல்லது சொல்லட்டும்னுதான்.”

“அவர் படத்தை நல்லதுன்னு சொல்லல.”

“வாக்கியம் அவரோடதுதானேக்கா?”

ஆமாம். அவருடையதுதான். ஓர் எழுத்து மாறவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

ஊரே வைகிற படத்தைப் புகழ்ந்த ஒரே ஆள் என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தவளை உடம்பில் ஷிஜுவின் தலை. “எத்ர கிட்டி சேட்டா?” எவ்வளவு வாங்கினாய் என்று கேள்வி. “தவளைக்கு அளியன்.” தவளையின் மச்சானாம். இதுவரை எங்கள் பத்திரிகையின் எந்தக் கார்டும் இத்தனை பேரிடம் போனதில்லையாம். டெஸ்க்கில் சந்தோஷம்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஷிஜு கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“அக்கா, நான் கப்பல்ல ஏறினா வாக்கிடாக்கியில ‘பேக்ரோம், பேக்ரோம்’னு தவள மாதிரி கத்துகானுவ. அது போகட்டு, நம்ம பயக்கதான். ஸ்கூல்ல ஷாலுக்க டெஸ்க்குல தவளப் படம் வரச்சு வச்சிருக்கானுவ. அந்தப் பின்னலக் கண்டே ஆளு பிடிச்சாச்சு. நேத்து தொட்டு எனக்கிட்ட அந்த ‘ம்’ கூட இல்ல. நான் சொன்னத முழுசும் போட்டிருந்தா அவளுக்குத் தெரியும்லா, நான் எதச் சொன்னேன்னு?”

நான் முழுசும் அனுப்பினேன்னு சொன்னா அவருக்கு அதுல என்ன கிடைக்கும்?

பத்மகுமார் கார்டை எடுத்துடலாம்ங்கறான். எடுத்தா ஆச்சா? ஊரெல்லாம் ஸ்கிரீன்ஷாட் கிடக்கு. இல்லேன்னா ஏழாம் பக்கத்துல சின்னப் பெட்டியில திருத்தமாம். மூணாம் பக்கத்துல அடிச்சிட்டு ஏழாம் பக்கத்துல மருந்து!

அதே இடம், அதே அளவு, முழுப் பேச்சு — வேறெதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன்.

“ஒரு தவளப் படத்துக்காக்கா?”

“தவளைக்கில்ல. ஆளுக்கு.”

டிசம்பர் 18, புதன்

வார்டில் குடிநீர்க் கூட்டம். தெளிவாக எழுதி அனுப்பினேன். யாருடைய பேச்சும் இல்லாமல். பத்மகுமார் கூப்பிட்டான்.

“அக்கா, கவுன்சிலர் ஒண்ணும் சொல்லலியா?”

“நிறையச் சொன்னாரு.”

“அது எங்க?”

“எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஷிஜு சொன்னது முழுசா வாற அன்னைக்கு இதுவும் வரும்.”

“தமாஷ்தானே அக்கா?” என்றான். இல்லை என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

இன்றைய என் செய்திகள் ஒன்றிலும் யாரும் வாய் திறக்கவில்லை.

மாலையில் டிக்கெட் எடுத்துத் தவளைப் படத்துக்குப் போனேன். ஷிஜு சொன்னது அவர்கள் இருவருக்கு மட்டும் நடந்ததா என்று தெரிய வேண்டும். கூட்டம் குறைவு. இடைவேளைக்குப் பிறகு, கிரீடம் வைத்த துரை பொறுமையின் அருமை பற்றிப் பேசத் தொடங்கினான். பேசினான், பேசினான். பின்வரிசையில் ஒரு பெண், சத்தமாகக்கூட இல்லை, “முறுக்கு இருந்தா குடு” என்றாள். இன்னொரு மூலையிலிருந்து பதில் வந்தது. அடுத்த வசனத்தை யாரோ எடுத்தார்கள். பிள்ளைகள் நாற்காலியில் ஏறிக் குதித்தார்கள். துரை குதிக்காததை எல்லாம் அவர்கள் குதித்துத் தீர்த்தார்கள். டார்ச்சோடு வந்த ஊழியர் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு அவரும் ஒரு வசனம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். தலைப்பு: ‘ஓடுவது மூன்றாம் பாகம், பார்ப்பது முதல் பாகம்’. முதல் பத்தியில் ஷிஜு சொன்னது முழுதும்.

அனுப்பியாயிற்று. பதில் இல்லை.

டிசம்பர் 20, வெள்ளி

கேக் கண்காட்சித் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் கேக்கை வெட்ட விடாமல் பேசினார். ‘சிறப்பு விருந்தினர் பேசினார்’ என்று அனுப்பினேன்.

டிசம்பர் 21, சனி

சிறப்பு விருந்தினர் ஆசிரியரையே கூப்பிட்டுவிட்டார். தான் பேசியது எங்கே என்று. ஆசிரியர் பத்மகுமாரிடம் கேட்க, அவன் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. என் கட்டுரையையும் காட்டியிருக்கிறான். அதை நல்லபடியாகவே காட்டியிருக்கிறான் என்று ஆசிரியர் சொன்னார். குறித்துக்கொள்கிறேன்.

“நாளைக்கு வருதுக்கா, மூணாம் பக்கம். அதே சைஸ். இனியாவது அந்தக் கேக்குக்காரர் பேச்ச அனுப்புங்க” என்றான். முழுதும் அனுப்பினேன். அதை அவன் வெட்டிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

படம் போடலாமா என்று ஷிஜுவைக் கேட்டேன். “போட்டோ வேண்டாம்க்கா. பேச்சு மட்டும் மதி.”

டிசம்பர் 22, ஞாயிறு

வந்திருக்கிறது. பிழையில்லை. தவளையுடம்புப் படத்தைப் பரப்பிய சிலர் அழித்துவிட்டார்கள், சிலர் சிரமப்படவில்லை.

ஷிஜுவிடமிருந்து பேச்சு இல்லை. இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன். சரியாகப் போட்டாயிற்று. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவள் படித்தாளா?

டிசம்பர் 24, செவ்வாய்

ஷிஜுவின் எண். எடுத்தால் ஷாலு.

“ஆன்ட்டி, நியூஸ்ல ஒரு தெற்று, ஒரு தப்பு உண்டு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “சொல்லு மோளே.”

“‘முறுக்கு தின்னப் பல்லு வேணும்’ இளவரசி சொல்லுறதுன்னு எழுதியிருக்கீங்க. அது இளவரசி இல்ல, அவளுக்க பேசுற கண்ணாடியாக்கும். அப்பாவும் தியேட்டர்ல இளவரசிக்க குரல்லதான் சொன்னாரு. நான் அங்கயே திருத்தினேன். ஆளு கேக்கல்ல.”

பின்னாலிருந்து ஷிஜு: “இளவரசிதாண்டி!”

“கண்ணாடி!”

“பந்தயமா?”

“பந்தயம்! பழைய படத்தப் போடுங்க. இப்பமே போடுங்க!”

போனை அணைக்க மறந்துவிட்டார்கள். அங்கே படம் தொடங்குகிற இசை கேட்டது. யாரோ “பேக்ரோம்” என்றார்கள். அப்பாவா மகளா என்று உறுதியாகத் தெரியவில்லை. நானே அணைத்தேன்.

டிசம்பர் 25, புதன்

காலையிலேயே ஷிஜுவின் செய்தி: “ஹேப்பி கிறிஸ்மஸ் அக்கா. கண்ணாடிதான். தோத்துட்டேன்.”

டிசம்பர் 27, வெள்ளி

“22ஆம் தேதி வெளியான கட்டுரையில், ‘முறுக்கு தின்னப் பல்லு வேணும்’ என்பது இளவரசியின் வசனம் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அது கண்ணாடியின் வசனம். சுட்டிக்காட்டிய வாசகி ஷாலுவுக்கு நன்றி.”

ஏழாம் பக்கம், சின்னப் பெட்டி. இதற்கு அந்த அளவு போதும்.