நவமியில் பிரிக்காத பெட்டி

அன்புள்ள கோபக்காரிக்கு,

உன்னைக் கேட்காமல் உன் போனை ஆன்லைனில் விற்றேன் என்று அனந்தபுரத்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். உனக்குப் புதிய போன் வாங்கத்தான் விற்றேன். பணம் பற்றாமல் என் போனையும் விற்றேன், அதனால்தான் கடிதம்.

நீ கிளம்பிய மறுநாளே, ஆன்லைனில் வாங்கிய புது போன் பெட்டி வந்தது. அன்று அஷ்டமி. “அஷ்டமி நவமியில புதுசு எதையும் பிரிக்காதீங்க” என்று நீ கத்துவது காதில் கேட்டது. சாமி படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, தசமியன்று பிரித்தேன்.

உள்ளே கருங்கல்!

பக்கத்து வீட்டுப் பார்த்திபன் போனில் கம்பெனியைப் பிடித்தேன். “வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார், டைம் முடிஞ்சிடுச்சு” என்று வைத்துவிட்டார்கள். விற்றவனைக் காணவே காணோம். பார்த்திபன் விடுவானா? “இன்னாண்ணா, செஞ்சிக்காரனுக்கே கல்லு வித்துட்டானா? பின்னாடி மலையே இருக்குது, ஓசியில எடுத்துக்கலாமே!” கடைத்தெரு முழுக்க இதே பேச்சு.

கல்யாணமான நாளிலிருந்து உன் பேச்சை நான் கேட்டது இந்த ஒரு தடவைதான். பலனைப் பார்த்தாயா?

கல் என்னவோ வழவழப்பாக இருக்கிறது. நேற்று அதில் இஞ்சி தட்டி டீ போட்டேன், பழக்கத்தில் இரண்டு டம்ளர். இரண்டையும் நானே குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. கோளாறு கல்லிலா, கையிலா என்று நீ வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கல் வாங்கிய உன் வீட்டுக்காரன்