அத்தை சாப்பிடாத நாட்கள்

11 அக்டோபர் 1965, திங்கள்

திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொல்லி சர்க்கார் கேட்டிருக்கிறதாம். அரிசிப் பஞ்சம். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமண வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு எந்தத் திங்கட்கிழமை அடுப்பு எரிந்தது? எங்களிடம் போய் எதை விடச் சொல்கிறார்கள்?

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆவணியில் புருஷனைப் பறிகொடுத்தவள் புரட்டாசியில் சிரிக்கலாமா.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். அத்தை, அவரைப் பெற்றவள், இலையைத் தள்ளிவிட்டாள். மோர் போதுமாம். நேற்றும் இதே கதை. கருமாதி முடிந்ததிலிருந்து அவள் சாப்பாடு தேய்ந்துகொண்டே வருகிறது. ஊரே அரிசிக்குக் கால் கடுக்க நிற்கிறது, இங்கே வடித்த சோறு பசுவுக்குப் போகிறது. வேண்டாமென்றால் வேண்டாம். எனக்கென்ன வந்தது.

14 அக்டோபர்

இன்றும் மோர்தான். நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். வேண்டுமென்றே, அவள் கண்ணெதிரில்.

25 அக்டோபர்

ஊருக்குத் தீபாவளி வந்து போனது. எங்களுக்கு இல்லை.

கோயில் தெரு ராஜம்மாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். துக்கம் கேட்க என்று நினைத்தேன். வந்தவர்கள் அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அத்தை சல்லேகனை இருக்கிறாள் என்று ஊரில் பேச்சாம். சாப்பாட்டை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் விட்டு, அமைதியாக உயிரை விடுகிற விரதம். முற்றும் துறந்தவர்கள் எடுப்பது.

“நம்ப திருநாதர் குன்றுல பாறை மேல பேர் வெட்டியிருக்குதே, இப்படி வெரதம் இருந்து போன ஒரு முனிவருக்கு, அந்த மாதிரி நம்ப தர்மவதியக்கா” என்றாள் ராஜம்மாள். என் பக்கம் திரும்பி, “கிட்ட இருந்து செய்ய உனக்குக் குடுப்பினை இருக்குது” என்றாள்.

குடுப்பினை! நாலு பேருக்கும் மோர் கரைத்துக் கொடுத்தேன். அத்தை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

3 நவம்பர்

எழுதித் தொலைக்கிறேன். மனசுக்குள் வைத்திருந்தால் அழுகுகிறது.

குந்துநாதன். வாயால் இந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. எழுதலாம் அல்லவா?

அவருக்கு வாந்திபேதி. காலையில் தொடங்கியது. கம்பவுண்டர் வந்து பார்த்து, “வாய்க்கு வாய் தண்ணி குடுத்துக்கினே இருங்க, உடம்பு காயக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். பகலெல்லாம் கொடுத்தேன். பொழுது சாய்ந்தது. அத்தை என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“கோயில்ல வெரதம் எடுத்துக்கினவன். ராவுல தண்ணிகூட ஆவாது. விடியட்டும்.”

அவர் கேட்டார். “யம்மா, ஒரு வாய்.”

“பொறுத்துக்கோடா கண்ணு. தோ, விடிஞ்சிடும்” என்று தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

விடிந்தது. ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது. உள்ளே போகவில்லை.

கருமாதியன்று கோயில் பூஜை செய்கிற புஷ்பதந்தன் வாத்தியார் கை கழுவும்போது பேச்சுவாக்கில் சொன்னார். “சீக்காளிக்கு வெலக்கு உண்டேம்மா. ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பனே.” அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. அத்தை அப்போது பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மோர் இலையைத் தாண்டித் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அன்றைக்குப் பிறகு அவள் முழுதாக ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஊர் இதை விரதம் என்கிறது. இது இன்னாதுன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

சாகட்டும்.

4 நவம்பர்

நேற்றுக் கடைசியில் எழுதியதை அடிக்க மனசு வரவில்லை. இருக்கட்டும்.

9 நவம்பர்

அடுத்த வீட்டு தாஹிரா நடுச்சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினாள். அவள் புருஷன் பீர் முகமது திண்டிவனம் ரோட்டில் லாரி கவிழ்ந்து போனவர். இந்தத் தெருவில் என்னை “பாவம்” என்று சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

“இன்னா ஜெயா, உங்க வூட்ல சத்தமே இல்ல. முன்னல்லாம் நீயும் உங்க அத்தையும் உப்பு, புளிக்குக்கூட சண்டை போடுவீங்களே. நான் இங்க பாத்திரம் தேச்சிக்கினே கேப்பேன். நல்லா பொழுது போவும்.”

“இப்ப சண்டை போட இன்னா இருக்குது?” என்றேன்.

“இல்லாமயா? எங்க மாமியா, அவரு போனப்புறம் ஒரு வருசம் என்னைத் திட்டினாங்க. நான் கால் வெச்ச நேரமாம். நானும் வுடல. அப்படியே ரெண்டு பேரும் எப்படியோ பொழச்சிக் கெடக்கிறோம்.” பிறகு அவளே சிரித்தாள். “எங்களுக்குப் பொழுது சாஞ்சாத்தான் நோன்பு தொறக்கணும். உங்களுக்குப் பொழுது சாஞ்சா வாயை மூடணும். ஒரே சுவரு, இப்படி ஒரு கூத்து.”

எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காதது போல உள்ளே போய்விட்டாள்.

15 நவம்பர்

அவலூர்பேட்டையிலிருந்து சம்பவநாதன் அண்ணன் வந்தான். என்னைக் கூட்டிப் போக. “அந்தம்மா புண்ணியம் தேடிக்கினு போவட்டும். நீ எதுக்கு இங்க காவல்? நைனாவும் உன்னையே நெனச்சிக்கினு கெடக்கிறாரு.”

போகத்தான் ஆசை. அத்தையிடம் சொன்னேன். “போ” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கியது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதுகெலும்பு ரவிக்கைக்கு மேல் கணுக்கணுவாகத் தெரிந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்?

18 நவம்பர்

எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாத்தியார் முறைப்படி விரதம் கொடுக்கிறார். மேளம் உண்டு. மாலை உண்டு. வல்லத்திலிருந்தெல்லாம் ஜனம் வருமாம். ராஜம்மாள் வெள்ளைப் புடவை எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனாள்.

என் புருஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை. இவளுக்கு மாலையும் மேளமும். அவர் வாந்தியில் கிடந்து செத்த குந்துநாதன், இவள் தெய்வம். நன்றாக இருக்கிறது நியாயம். செய்ததைச் செய்துவிட்டு எல்லாரும் கும்பிடக் கும்பிடப் போய்விடுவாள். நான் மட்டும் அந்தச் சொம்பையும் வைத்துக்கொண்டு, கிழவியாகிற வரை...

விட மாட்டேன்.

20 நவம்பர், சனி

வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் நெல்லைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வெரதத்தை யார் வேணாலும் எடுக்கலாமா?” என்று கேட்டேன்.

“ஆவாது. வயசு முடியணும், இல்ல தீராத சீக்கு வரணும். மனசுல பகை, துக்கம், சாவணும்ங்கற ஆசை எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா அது வெரதம் இல்லம்மா, தற்கொலை.”

“எங்க அத்தை உங்க வார்த்தையைக் கேட்ட நாள்லேர்ந்துதான் சாப்புடறதில்ல.”

“என் வார்த்தையா?”

சொன்னேன். முழுவதும். சொம்பைக் கவிழ்த்தது, அவர் கேட்டது, விடிந்தது. வாத்தியார் கையிலிருந்த நெல் அப்படியே கொட்டியது. பிறகு, “நான் அன்னிக்கி வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்” என்றார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. அவர், அத்தை, நான், மூன்று பேருக்கும் பங்கு உண்டு என்று மட்டும் நினைத்தேன்.

21 நவம்பர், ஞாயிறு

கோயில் நிறைய ஜனம். அத்தையை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டார். “இன்னா மனசோட கேக்கறம்மா?”

அவள் சும்மா “அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லியிருக்கலாம். மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். பொய் சொல்வதில்லை என்றும் ஒரு விரதம் வைத்திருக்கிறாளே, அதையும் விட மாட்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே ஒரு அடி.

“நான் குடுக்க முடியாது. வூட்டுக்குப் போயி சாப்புடும்மா” என்றார்.

ராஜம்மாளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. வழியெல்லாம் என்னைச் சபித்துக்கொண்டே வந்தாள். ஒரு புண்ணியாத்மாவின் மோட்சத்தைக் கெடுத்த பாவி நான்.

22 நவம்பர்

நேற்று வீட்டு வாசல் வரைக்கும்தான் எழுதினேன். மிச்சம் இது.

கதவைச் சாத்தியதும் அத்தை ஆரம்பித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ.

“இன்னாடி சொன்ன அந்தாளுகிட்ட?”

“உள்ளதைச் சொன்னேன்.”

“நான் சாவறதுகூட உனக்குப் பொறுக்கலியா?”

“பொறுக்கல! நீங்க மாலை போட்டுக்கினு போயிடுவீங்க. நான் தெனம் தனியா கெடந்து அத நெனைக்கணுமா? இருங்க. இருந்து பாருங்க. என் மூஞ்சியைத் தெனம் பாத்துக்கினு இருங்க. உங்களுக்கு அவ்ளோ சுளுவா வுட்டுடுவேனா?”

“நான் பெத்தவடி! எனக்கு வலிக்காதா? தெரிஞ்சா செஞ்சேன்? வெரதம் கெட்டா அவன் ஆத்துமா இன்னா ஆவுமோன்னு...” மூச்சு முட்டி நிறுத்தினாள். பிறகு மெல்லக் கேட்டாள். “நீயும்தான பக்கத்துல நின்ன? என் கையைத் தட்டிவுட்டுக் குடுத்திருந்தா, நான் உன்னை வெட்டியா போட்டிருப்பேன்?”

இந்தக் கேள்வி எத்தனை நாளாக அவள் வயிற்றில் கிடந்ததோ. சோற்றுக்கு இடமில்லாமல் போனதில் ஆச்சரியம் என்ன.

இன்று அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டேன், இப்போது வரவில்லை என்று. அவனே வந்திருக்கவும் முடியாது. நாளை அமாவாசை, மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் எந்த பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லை.

24 நவம்பர்

கஞ்சி வைத்தேன். குடிக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை. யாருக்காகவோ என்று நினைத்துவிட வேண்டாம். கோபத்தில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

25 நவம்பர்

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால், “எடுத்தா” என்றாள். அரை டம்ளர் கஞ்சி. கண்ணை மூடிக்கொண்டு, மருந்து போலக் குடித்தாள். “உன் வாய்க்குப் பயந்துதான்” என்றாள்.

5 டிசம்பர்

இன்று சோறு. ரசத்தில் உப்பு இல்லை, வெறும் புளித்தண்ணி என்றாள். இருக்கிறது என்றேன். என் வீட்டில் என்ன பழக்கினார்கள் என்று ஆரம்பித்து, என் அம்மா வரைக்கும் போனாள். நானும் சும்மா விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது. தாஹிரா கேட்கிறாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு நான் ரசத்தை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு போடவே இல்லை.

அவளை மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

18 ஜனவரி 1966

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார், ராஜம்மாள் மருமகளுக்குக் காலையிலிருந்து வாந்திபேதி என்று.

அத்தை எழுந்து குடத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிச் சொம்பில் ஊற்றினாள். தெருவில் இறங்கினாள். இன்னும் நடை தள்ளாடுகிறது. நான் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே அந்தப் பெண் உதடு வெடித்துக் கிடந்தாள். தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, “விடியட்டும்மா” என்று தடவிக்கொண்டிருந்தாள்.

“தள்ளு” என்றாள் அத்தை.

“அக்கா, பொழுது...”

“சீக்காளிக்கு வெலக்கு உண்டு. போய் வாத்தியாரைக் கேளு. நான் கேக்காம வுட்டேன், நீ போய்க் கேளு. அதுவரிக்கும் தள்ளு.” பெண்ணின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “குடிம்மா. பாவம் வந்தா என் தலையில வரட்டும்.”

வாய் வாயாகக் கொடுத்தாள். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். சொம்பு காலியாகக் காலியாக நான் நிரப்பினேன். ராஜம்மாள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. பெண்ணுக்கு மூத்திரம் பிரிந்தது என்று தெரிந்த பிறகுதான் அத்தை எழுந்தாள். பிழைத்துக்கொள்வாள்.

திரும்பும்போது விடிந்துவிட்டது. ராஜகிரி மலை உச்சியில் மட்டும் வெயில் பட்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிந்தது. யார் வீட்டுப் பெண்ணுக்கோ கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லையே என்று. இதை எங்கே போய்ச் சொல்வேன்?

கோயில் தெரு முனையில் அத்தை நின்றாள்.

“அவன் கேட்டான் இல்ல, ஜெயா?”

“கேட்டாரு, அத்தை.”

“நான் குடுக்கல.”

“நாம குடுக்கல” என்றேன்.

அங்கேயே தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. கோயிலுக்குப் போகிறவர்கள் விலகிப் போனார்கள்.