தென்கிழக்கிலிருந்து வரும் குரல்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய கணவருக்கு,

இங்கு நானும் தங்கள் தங்கையும் நலம். தங்கள் நலத்தை ஞாயிறுதோறும் வானொலியில் காதால் அறிந்துகொள்கிறேன். எனினும் மருத்துவர்களின் அரங்கு நடக்கையில் சொந்தப் பேச்சு கூடாது என்று விதி வகுத்தவளே நான் ஆதலால், மற்றவற்றுக்குக் கடிதமே கதி.

நான் மெய்ப்புத் திருத்திய அச்சுப்படிகளை வாங்கிச் செல்ல வந்த அச்சக உரிமையாளர், "என்னம்மா, டாக்டருங்க எல்லாம் ஹாம் வானொலியில பாடம் படிக்கிறாங்களாமே?" என்றார். மலையிலும் தீவிலும் தனித்தனியே பணிபுரியும் மருத்துவர்கள் வாரம் ஒருமுறை ஒரே அலைவரிசையில் கூடுவதையும், ஒருவர் தம் நோயாளியைப் பற்றி எடுத்துரைக்க மற்றவர்கள் வினா எழுப்புவதையும், இந்தத் தொடர்கல்வி அவர்கள் பதிவைப் புதுப்பிக்கக் கணக்கில் கொள்ளப்படுவதையும் விளக்கினேன்.

"சரி, அதுல உங்களுக்கு என்ன வேலை?"

"யார் எப்போது பேசலாம் என்று நான்தான் சொல்வேன்."

"அதுக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டாம்தான்" என்று சிரித்துக்கொண்டே போனார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், தனியே படித்துத் தேறி ஹாம் வானொலி இயக்கும் உரிமம் வாங்கினேன் என்பதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

தங்களிடம் ஓர் ஐயம் கேட்க வேண்டும். அலுமினியக் குழாய்களை அறுத்து நான் மாடியில் நிறுத்திய ஆன்டெனா, தான் பார்க்கும் திசையின் குரலை ஓங்கச் செய்யும். பிற திசைக் குரலைத் தேயச் செய்யும். தங்கள் மலை மருத்துவமனை நமக்கு நேர் வடக்கு. சில மாதங்களாக வடக்கே திருப்பினால் தங்கள் குரல் மங்குகிறது. தென்கிழக்கே திருப்பினால் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் ஒலிக்கிறது. அந்தத் திசையில் இருப்பது கடல்.

தவிரவும், முன்பு வாரம் திரும்புமுன் வந்துசேரும் தங்கள் பதில் இப்போதெல்லாம் மிகவும் தாமதிக்கிறது.

மலையில் குடும்பத்தோடு தங்க வீடு கிடையாது என்பதாலேயே நாம் பிரிந்து வாழ்கிறோம். வீடு உள்ள ஊருக்கு மாற்றல் வந்த அன்றே ஒரே கூரையின்கீழ் வந்துவிடுவோம் என்பது தாங்கள் தந்த வாக்கு. அதை எண்ணியே நான் நாட்களைத் தள்ளுகிறேன். மெய்ப்புத் திருத்தும் என் தொழிலை எந்த ஊருக்கும் மூட்டை கட்டலாம். மாற்றல் குறித்து மேலிடத்தில் ஏதேனும் பேச்சு உண்டா?

தங்கள் மனைவி


பிப்ரவரி 22

அன்புள்ள அரங்கத் தலைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். நான் மலையில் இருக்கிறேனா கடலில் இருக்கிறேனா என்று என்னைவிட உன் அலுமினியக் குழாய்க்கு நன்றாகத் தெரிகிறதாக்கும்.

அலைகள் மலையில் மோதித் திரும்பும் என்று எனக்குப் பாடம் நடத்தியதே நீதான். உரிமத் தேர்வுக்கு என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாயே, மறந்துவிட்டாயா? அப்படி எங்கேயோ பட்டு, எங்கேயோ திரும்பி உன் மாடிக்கு வந்துசேர்கிறேன் என்று வைத்துக்கொள். இல்லையென்றால் குழாயில் காக்கா கூடு கட்டியிருக்கும், ஏறிப் பார்.

தபால் தாமதத்துக்குக் காரணம் மலைப்பாதையில் மண்சரிவு. மாற்றல் பேச்சே இல்லை. வந்தால் உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப்போகிறேன்?

வெயிலில் மாடியில் நிற்காதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் டாக்டர்


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய கணவருக்கு,

மலையில் மோதித் திரும்பும் அலையில் ஒரு நடுக்கம் இருக்கும். தங்கள் குரலில் அது இல்லை. காக்கைக் கூடும் இல்லை; ஏறிப் பார்த்துவிட்டேன். நான் மாடியில் நின்றபோது முற்றத்திலிருந்து தங்கள் தங்கை குரல் கொடுத்தாள்.

"என்ன அண்ணி, அண்ணனை மாடியில தேடுறீங்க?"

"திசை பார்க்கிறேன்."

"ஆம்பளைங்க எந்தப் பக்கம் போயிருக்காங்கன்னு கம்பியை வச்சுக் கண்டுபிடிக்க முடியும்னா, ஊர்ல பாதிப் பொம்பளைங்க மாடியிலதான் குடியிருப்பாங்க."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரங்கில், தென்கிழக்குக் கடற்கரை மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் அம்மையார் பேசும்போது, பேச்சுக்கு அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கும். அவருடைய கருவியின் குறை அது. சென்ற ஞாயிறு வருகைப் பதிவில் அவர் பதிலளித்து முடித்தார். சிறிது நேரத்தில் தாங்கள் பதிலளித்தீர்கள். அதே ரீங்காரம். அதற்கு முந்தைய ஞாயிறும் அவ்வாறே. ஒரே கருவியின் முன்னால் இருவர் மாறி மாறி அமர்ந்தாலன்றி இது நிகழாது.

அன்றைய பொருள் விஷக்கடி. திருக்கை மீனின் முள் குத்திய காலுக்கு முதலில் என்ன செய்வது என்று தீவு மருத்துவர் கேட்டார். தாங்கள் முந்திக்கொண்டு, "பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வையுங்கள், போன வாரம் நான் பார்த்தவருக்கு அதிலேயே வலி இறங்கிவிட்டது" என்றீர்கள். மலையில் எந்த ஓடையில் திருக்கை மீன் நீந்துகிறது? அங்கேயே கேட்டிருப்பேன். ஊரே கேட்கும் அலைவரிசையில் என் குடும்பத்தை விரிக்க மனம் வரவில்லை. "நன்றி, டாக்டர். மிகத் தெளிவாக விளக்கினீர்கள்" என்று சொல்லி அடுத்தவரை அழைத்தேன்.

தாங்கள் எங்கே இருக்கிறீர்கள், யாருடன் இருக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டுகிறேன்.

தங்கள் மனைவி


மார்ச் 10

அன்புள்ள மனைவிக்கு,

நீ இப்படிச் சந்தேகப்படுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. திருக்கை மீன் குத்தியவரைப் பயிற்சிக் காலத்தில் பார்த்தேன். போன வாரம் என்று வாய் தவறி வந்துவிட்டது. அதற்கு ஒரு வழக்கா?

ரீங்காரம் எல்லாக் கருவியிலும்தான் கேட்கும். அந்த அம்மாவோடு என்னைச் சேர்த்துப் பேசியதற்கு நீதான் வெட்கப்பட வேண்டும். ஓய்வு பெறப்போகிறவர். இடது காது கேட்காது. பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்து பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். அவரைப் போய் நீ போட்டிக்கு இழுக்கிறாய். உனக்கே சிரிப்பு வரவில்லையா?

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடு.

உன் டாக்டர்


மார்ச் 19

மதிப்பிற்குரிய கணவருக்கு,

ஒருவர் ஸ்வெட்டர் பின்னுவதை வானொலியில் கேட்க இயலாது. எந்தக் காது கேட்காது என்பதையும் அருகில் இருந்து பார்ப்பவரே அறிய இயலும். ஆகவே வியாழனன்று மலைக்குப் பேருந்து ஏறினேன். வழியில் மண்சரிவின் சுவடே இல்லை.

தங்கள் மருத்துவமனை நான் எண்ணியிருந்ததைவிடச் சிறியது. மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் மருந்தாளுநர் ஓர் உறையின்மேல் வேறு முகவரி எழுதிக்கொண்டிருந்தார். பதில் தாமதித்ததால் இடையில் நான் போட்ட நினைவூட்டல் கடிதத்தின் உறை அது.

"டாக்டர் இருக்கிறாரா?"

"அவரு போயி நாலஞ்சு மாசம் ஆச்சேம்மா. கடற்கரை ஆஸ்பத்திரி. அவரே எழுதிக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. நீங்க பழைய பேஷன்டா?"

"ஆமாம்" என்றேன்.

"நல்ல மனுஷன். இங்க ஒத்தை அறையில கிடந்து சிரமப்பட்டாரு. அங்க குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க. ரெண்டு ரூமு, பின்னாடி தோட்டம், குழாயில எப்பவும் தண்ணி."

"குடும்பத்தோடு இருக்கிறாரா?"

"இல்லம்மா, ஒண்டிக்கட்டைதான். வீட்டுல என்னமோ சரியில்ல போல. அவரு சம்சாரம் எழுதுற லெட்டர் எல்லாம் இங்கதான் வரும். நான் மாத்தி அனுப்பணும். அவரு பதில் எழுதி எனக்கு அனுப்புவாரு, அதை இங்கிருந்து போடணும். சொல்லிட்டுப் போயிருக்காரு, என்ன பண்றது. உங்களுக்கு உடம்புக்கு என்னம்மா? புது டாக்டர் உள்ளதான் இருக்காரு, பாத்துட்டுப் போங்க."

தலைவலி என்றேன். இரண்டு மாத்திரை தந்தார். வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

வேறொரு பெண் இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். தாங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று அவர் சொன்னபோது, அந்தச் சன்னல் கம்பியைத் தவிரப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வீடு இருக்கிறது. வீட்டில் இடம் இருக்கிறது. அதைத் தாங்களே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். என்னிடம் மட்டும் மறைத்தீர்கள்.

ஏன் என்று எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம். இக்கடிதத்தை நேரே கடற்கரை முகவரிக்கே அனுப்புகிறேன்; மருந்தாளுநருக்கு ஒரு வேலை மிச்சம்.

தங்கள் மனைவி


மார்ச் 26

உனக்கு,

வேறு யாரும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாற்றல் உத்தரவு வந்த அன்று உனக்குத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும், நீ எங்கெங்கே திருத்துவாய் என்று பார்ப்பதற்காக ஒருமுறை படித்தேன். பிறகு அதை அனுப்பக் கை வரவில்லை.

நம் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததாக எனக்கு நினைவில்லை. பாதியில் நீ நுழைந்துவிடுவாய். சொல் தப்பு, தேதி தப்பு, சொன்ன விதம் தப்பு. நீ சொன்னது ஒவ்வொரு தடவையும் சரிதான், அதுதான் கஷ்டம். மலைக்குப் போவதற்கு முன் ஒருநாள், ஆஸ்பத்திரியில் என் கையிலேயே ஒருவர் போய்விட்டார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். "செத்துப்போயிட்டாரு" என்றேன். "இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள், மருத்துவர் பேசும் பேச்சா இது?" என்றாய். கை கழுவப் போய்விட்டேன். மீதியை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் இந்த அரங்கு வந்தது. வானொலியில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர் குறுக்கே வர முடியாது. முதல் தடவை நான் என் நோயாளியைப் பற்றிப் பேசினேன். நடுவில் திக்கினேன், தடுமாறினேன். பேச்சு முடிந்தது என்று நான் "ஓவர்" சொல்லும்வரை நீ காத்திருந்தாய். அப்புறம், "நன்றி, டாக்டர். மிகத் தெளிவாக விளக்கினீர்கள்" என்றாய். நீ எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறாய் என்று தெரியும். இருந்தாலும் அன்றைக்கு மலைப்பாதையில் ரொம்ப தூரம் தனியாக நடந்துவிட்டு வந்தேன்.

ஒரே வீட்டுக்கு வந்துவிட்டால் அது போய்விடும் என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசுகிற உன்னை விட மனசில்லை. மற்ற நாள் உன்னோடு இருக்கத் தைரியம் இல்லை. பொய் சொன்னது அசிங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வா என்று எழுதவும் வரவில்லை, வராதே என்று எழுதவும் வரவில்லை. இப்போது போலவே இருந்துவிட்டால் என்ன? ஞாயிறு நான் வானொலியில் வருகிறேன். நீ இருப்பாய். யாருக்கும் கஷ்டமில்லை.

டாக்டர்


ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய கணவருக்கு,

தங்கள் கடிதத்தைப் பென்சில் எடுக்காமல் படித்தேன். பிறகு மூடி வைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் படித்தேன்.

தங்கள் தங்கையைக் கூடத்தில் அமர்த்திக் கேட்டேன்.

"நான் பேச விடமாட்டேனா?"

"நிஜத்தைச் சொன்னா கோவிச்சுக்குவீங்க அண்ணி."

"கோபிக்கமாட்டேன்."

"உங்ககிட்ட வந்து பேசுறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துக்குவேன். பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் வர்றப்பகூட எனக்கு அவ்வளவு பயமில்ல."

கோபித்துக்கொண்டேன். பிறகு அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். "நான் இப்பச் சொன்னதையாவது திருத்தாம விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மருத்துவரின் வீட்டுக்குள் எட்டாம் வகுப்போடு வந்தேன். பிழையின்றிப் பேசினால்தான் எனக்கு இங்கே நாற்காலி உண்டு என்று நம்பினேன். என் பிழைகளைத் தேடித் தேடித் திருத்தியவள் எப்போது தங்கள் வாக்கியத்துக்குள் புகுந்தேன் என்பதை நான் கவனிக்கவில்லை. இதை விளக்கமாகத்தான் எழுதுகிறேன், தங்கள் பொய்க்குச் சாக்காக அல்ல. வாக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பொய் எழுதியவர் தாங்கள். அதை என் குணத்தின் கணக்கில் எழுதிவிட இயலாது.

இப்போது போலவே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். இயலாது. அரங்கின் பொறுப்பைத் தீவு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டேன். வரும் ஞாயிறு முதல் வருகைப் பதிவை அவரே எடுப்பார். "என்னம்மா, திடீர்னு ஏன்?" என்று கேட்டார். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். இனி நான் அந்த அலைவரிசையில் பேசமாட்டேன், கேட்கவும் மாட்டேன். கருவியைத் துணியால் மூடியாயிற்று. தாங்கள் தவறாமல் கலந்துகொள்ளுங்கள். தங்கள் நோயாளிகளுக்கு அது தேவை. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் மற்ற மருத்துவர்களோடு வரிசையில் நின்று, தங்களுக்கு மனைவியாக இருக்க எனக்குச் சம்மதமில்லை.

தாங்கள் அழைக்காமல் அந்த வீட்டின் படியேறமாட்டேன். என்னோடு பேச விரும்பினால் தாங்கள்தான் இங்கு வர வேண்டும். எந்த நாளாயினும் சரி; ஞாயிறு வேண்டாம். குறுக்கே பேசாதிருக்க முயல்வேன். முயல்வேன் என்றுதான் எழுதுகிறேன், வாக்குத் தரவில்லை. வாக்குகளில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது.

தங்கள் கையில் ஒருவர் இறந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு மாலை நம் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவர் ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நேர்ந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. வந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

மனைவி