இடம் மாறிய சீட்டுகள்

போன வாரம் என் மாணவி ஒரு வரைபடத்தை மேசையில் வைத்தாள். இரும்புச் சேர்மம் ஒன்றில் கொஞ்சம் இரும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்து, குளிரூட்டி, மின்தடையை அளந்திருந்தாள். எவ்வளவு குளிர்ந்தும் கோடு சுழியைத் தொடவில்லை. அந்தக் கோட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். உன்னோடுதான் பார்த்தேன்.

நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது, புதிதாக வருபவர்களுக்கு நீதான் இதை விளக்குவாய். அந்தச் சேர்மத்தில் இரும்பு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். "தனிம அட்டவணையில இரும்புக்கு வலப்பக்கத்து வூட்டுக்காரன் கோபால்ட்டு. அவன கொஞ்சம் உள்ள வுட்டா மொறப்பு அடங்கிடுது, குளுர வச்சதும் கரண்டு தடையே இல்லாம ஓடுது. இடப்பக்கத்து வூட்டுக்காரன் மாங்கனீசு. அவன வுட்டா அதெல்லாம் நடக்காது." விருத்தாசலத்துப் பேச்சைச் சென்னையிலும் நீ மாற்றிக்கொள்ளவில்லை.

கோபால்ட்டுக் கலந்த மாதிரி ஒன்றைத் தயாரித்த அன்று எடை போட்டது நீ. ஆனால் கோபால்ட்டுத் தூளையும் மாங்கனீசுத் தூளையும் குப்பிகளில் அடைத்துச் சீட்டு ஒட்டியது நான். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். நீ சீட்டை நம்பி எடுத்தாய். எல்லோரும் காத்திருந்த அந்த மாதிரி, அளந்தபோது தடையில்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி ஆகவே இல்லை.

பேராசிரியர் கூப்பிட்டு, "யார் எடை போட்டது?" என்றார்.

"அவதான் சார்," என்றேன்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய்: "சீட்ட சரியாத்தானடி ஒட்டின?"

"பாத்துத்தான் ஒட்டினேன்."

அப்போது நம்பித்தான் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, மீதித் தூளை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தேன். சீட்டுகள் இடம் மாறியிருந்தன. என் உதவித்தொகையைப் புதுப்பிக்கும் நேரம். இரண்டு குப்பிகளையும் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். எதிரில் நீ உட்கார்ந்திருந்தாய்.

உன்னை அந்த வேலையிலிருந்து விலக்கினார்கள். ஊருக்கு ரயில் ஏறும்போது, "வுடுடி, எங் கையி மேல எனக்கே நம்பிக்க போயிட்டுது," என்றாய். நான் உன் பையைத் தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஊரில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் பேராசிரியை ஆனேன். போன வருடம் நீ இறந்த செய்தி வந்தபோது, பரீட்சை நேரம் என்று சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிட்டேன்.

வரைபடத்தைப் பார்த்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா ஈரம் காயாத பீங்கான் பொம்மைகளில் பிசிறு சீவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி பாதியில் நின்றது.

"கொழம்புக்கு உப்பு போடுடின்னா கூட, 'நீயே போடும்மா, என் கை தப்பிடும்'னு தள்ளி நின்னுடுவா. எதனாலன்னு எனக்குத் தெரியாமயே போயிட்டுது." பிறகு என்னைப் பார்த்தார். "அவ இருக்கறப்ப ஏம்மா வரல?"

வேலை, பயம், குழந்தைகள் என்று ஒவ்வொன்றாக நாக்கு வரை வந்தது. ஒன்றையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் உள்ளே எழுந்து போனார். நான் கிளம்பினேன்.

நம் பழைய பேராசிரியருக்கு உண்மையை எழுதிவிட்டேன். அது எளிதாகவே இருந்தது. இனி எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீ மன்னிக்க மாட்டாய் என்று பயந்து வராமல் இருந்திருந்தால்கூட உன் அம்மாவிடம் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும். கேட்ட மறுநிமிடமே நீ மன்னித்திருப்பாய். அது எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்தும் வரவில்லை.