அப்பா கேட்ட நீதிபதி

பெல்டன் கவுண்டி, ஜார்ஜியா
அக்டோபர் 14

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

அக்கா வெர்னா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். அலாஸ்காவில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா? அன்றைக்குக் கோபத்தில் போனை வைத்தவன் அப்புறம் எடுக்கவே இல்லை. அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் மறுபடி தேர்தல். இந்த முறையும் நீதிபதி பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. உயில் சண்டைகளோடும் கல்யாண லைசென்ஸோடும் யார் மாரடிப்பார்கள்? இருபது வருடமாக நான்தான். இப்போதெல்லாம் நினைவு தப்பிய பெரியவர்களுக்குக் கார்டியன் நியமிக்கிற வேலையே அதிகம். நான் கையெழுத்துப் போட்டால் கார் சாவி போகும், சில பேருக்கு வாக்குரிமையும் போகும். எனக்கு விழுகிற வாக்குகளை நானே ஒழித்துக்கட்டுகிறேன் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பிக்கப் வண்டியை ரயில் தண்டவாளத்தின் குறுக்கே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மில்லில் வேலை முடிந்து அம்மா வருவாள், கூட்டிப்போக வந்தேன் என்றாராம். அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கார்டியன் கேட்டு மனுப் போட்டேன், நீ நினைக்கிற மாதிரி அவரை ஒதுக்கித்தள்ள இல்லை.

சொந்த அப்பா வழக்கை நான் விசாரிக்கக் கூடாது. பக்கத்துக் கவுண்டி நீதிபதி ப்ரூவிட் நேற்று வந்தார். என் கோர்ட்டில், என் நாற்காலியில் அவர். கீழே அப்பா பக்கத்தில் நான். இது என்ன வருஷம் என்று ப்ரூவிட் கேட்டார். “ஏன், உங்க வீட்டுல காலண்டர் இல்லையா?” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “ஏம்மா, உன்னைப் பார்த்தா நல்லவளா தெரியுது. இந்த ஆளு வேணாம். வெர்னா ஜட்ஜம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போயேன். அவ என் பொண்ணுதான். எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் அவளுக்கு நான்தான் போர்டு நட்டேன். என் சாவியைப் புடுங்க அவ விடமாட்டா.”

“சரிங்க, சொல்றேங்க” என்றேன். வேறென்ன சொல்ல, ராய்ஸ்? உள்ளே போய் பழைய ஃபைல் அறையில் நின்று அழுதேன். இத்தனை வருடத்தில் எத்தனை மகள்களிடம் ‘தைரியமா இருங்கம்மா’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்! வெட்கமாக இருக்கிறது.

தீர்ப்பை இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார். நீயெல்லாம் ஒரு மகளா, கோர்ட்டுக்கே வந்து எதிர்ப்பேன் என்று கத்தினாயே, வா. வந்து எதிர்த்துப் பேசு. என் மனுதான் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேண்டும். ஆனால் அப்பாவுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். கோர்ட் கொடுத்த வக்கீல் நல்ல பையன்தான். ஃபைலைப் பார்த்துத்தான் அப்பா பெயரைச் சொல்கிறான்.

அவர் கேட்கிற நீதிபதி வர முடியாது. மகனாவது வரட்டும்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
வெர்னா