முக்கால்வாலுக்குக் கொடுத்த பாதி பிஸ்கட்

ஜூன் 3
இந்த நோட்டு குரங்குகளைப் பற்றி எழுதக் கொடுத்தது. நான் அதைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து என் கதையை எழுதுகிறேன். தப்புதான், மன்னிக்க வேண்டும். முகாமில் பேச ஆள் இல்லாமல் இல்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை.

வேலை இதுதான்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணில் படும் குரங்கு என்ன செய்கிறது என்று குறிக்க வேண்டும். தின்கிறது, பேன் பார்க்கிறது, தூங்குகிறது, சும்மா இருக்கிறது. ஆராய்ச்சியை நடத்தும் மேடம் முதல் நாளே ஒரே ஒரு சட்டம் சொன்னார்: குரங்குக்கு எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு தடவை கொடுத்தால் அது மரத்தை விட்டுவிட்டு நம் கையைப் பார்க்கும். அப்புறம் நாம் எழுதுவதெல்லாம் பொய்.

மாத முடிவில் மேடம் தரும் சான்றிதழ் இருந்தால்தான் மேல்படிப்புக்கு இடம். வீட்டின் முதல் பட்டதாரி காட்டில் குரங்கு எண்ணுகிறாள் என்று அப்பா தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. ‘ஆராய்ச்சி’யோடு நிறுத்திக்கொண்டாராம்.

ஜூன் 6
விடாத மழை. காலில் ஏழு அட்டை.

ஜூன் 9
வால் நுனி அறுந்த ஒரு பெண்குரங்கு. தாளில் அதன் எண் பதினொன்று. நான் வைத்த பெயர் முக்கால்வால். மத்தியானம் பிஸ்கட்டைப் பிரித்தபோது மூன்றடி தள்ளி வந்து உட்கார்ந்தது. பிடுங்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒருத்தர் பார்த்திருக்க நாம் மட்டும் தின்பது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. பாதியை ஒடித்துப் பாறையில் வைத்தேன்.

தாளில் ‘தின்கிறது’ என்று குறித்தேன். எதை என்று எழுதவில்லை.

ஜூன் 11
நேற்றும் கொடுத்தேன். இன்றும். இங்கே என் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்த முதல் ஜீவன் அதுதான்.

ஜூன் 14
காலையில் சமையல் கொட்டகைக்குள் ஒரு கூட்டமே இறங்கிவிட்டது. ரொட்டிப் பொட்டலம் கூரைமேல், மாவு மூட்டை கிழிந்து தரையெல்லாம் வெள்ளை. ஒரு குட்டி, எங்களோடு குறிப்பெடுக்கும் தாடிக்கார அண்ணனின் பற்பசையைப் பிதுக்கி நக்கிவிட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பியது. “குரங்குகூட வேணாங்குது, நான் மூணு வருஷமா அதத்தான் தேய்க்கிறேன்” என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம்.

மேடம் சிரிக்கவில்லை. நாலு வருடமாக முகாம் பக்கமே வராத கூட்டமாம். யாரோ தீனி காட்டியிருக்கிறார்கள் என்றார். சொல்லிக்கொண்டே சமையல் அக்காவைப் பார்த்தார். மிச்சம் மீதியைக் கூடக் குழி தோண்டித்தான் மூடுகிறேன் என்று அக்கா சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை.

நானும்தான்.

ஜூன் 16
நேற்றும் குரங்குகள் கொட்டகைக்குள் வந்தனவாம்.

இன்று பாறைக்கு அக்கா டீயும் ரொட்டிக் கூடையும் கொண்டுவந்தார். கூடை திறந்தே இருந்தது. முக்கால்வால் கூடையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தது. சட்டையின் இடது பையை இரண்டு தரம் தட்டியது. பிஸ்கட் வைக்கும் பை.

“ஆள் அடையாளம் தெரியுது போல” என்றார் அக்கா. அவ்வளவுதான். டீயை ஊற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் நிமிரவே இல்லை.

ஜூன் 17
முடிவாகிவிட்டது. நாளைக்குச் சாமான் கொண்டுவரும் ஜீப்பிலேயே அக்காவை அனுப்புகிறார்களாம். கவனக்குறைவு என்று காரணம்.

மேடத்தின் கூடாரத்துக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை பென்சில் கேட்டு வாங்கி வந்தேன். ஏற்கெனவே என்னிடம் நாலு இருக்கிறது. இரண்டாம் தடவை, மழை வருமா என்று கேட்டேன். மூன்றாம் தடவை வாசலோடு திரும்பினேன். ஏன் இப்படி இருக்கேன்? மேடையேறி பட்டம் வாங்கின வாய்தானே இது? இல்ல, அன்னிக்கும் நான் பேசல, கையைத்தான் நீட்டினேன்.

கொட்டகைக்குப் போனேன். அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, தெரிஞ்சும் நீங்க ஏன் சொல்லல?”

“நான் சொன்னா கோள் மூட்டுறேம்பாங்க. உனக்கும் அந்தப் பேப்பர் வேணும்ல.” கத்தி நிற்கவில்லை. “சொல்லணும்னா நீதான் சொல்லணும், பாப்பா.”

திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 18
ஜீப் வந்துவிட்டது. ஓட்டுநர் டீ குடிக்கிறார். இன்றைக்கும் அக்கா போட்ட டீதான். அவருடைய தகரப் பெட்டி ஜீப்பில் ஏறிவிட்டது.

மேடம், இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு நோட்டைக் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். கிழிக்கவில்லை. ஒன்பதாம் தேதியிலிருந்து படியுங்கள். முன்பக்கத்தில் பதினொன்றாம் எண்ணுக்கு நேரே மூன்று இடத்தில் திருத்தியிருக்கிறேன்: ‘தின்கிறது — நான் கொடுத்த பிஸ்கட்.’

வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் எழுதினேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். ஓடிப்போக மாட்டேன். சான்றிதழைப் பற்றிக் கேட்க எனக்கு முகமில்லை. ஜீப்பில் யாரையாவது அனுப்பியே ஆக வேண்டுமென்றால் என் பை தயாராக இருக்கிறது.

நாலு நாளாக வாய் திறக்காதவள் கேட்பது ஒன்றுதான். அக்காவோட பெட்டியை இறக்கச் சொல்லுங்க, மேடம்.