தம்பியின் கட்டில் போன வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. போனில் பேசினால் பாதியிலேயே நான் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன், உனக்கும் வேலைக்கு ஓடும் அவசரம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போனால் கோபித்துக்கொள்ளாதே, லீவு நாளில் படி.

தம்பியின் அறையை ஒருவழியாக ஒழித்துவிட்டோம். ஆறு வயதில் காய்ச்சலில் படுத்தவன் இருபத்திரண்டில் போய்ச் சேர்ந்தான், பதினாறு வருடச் சாமான் அந்த ஓர் அறைக்குள் எப்படித்தான் அடங்கியிருந்ததோ. நீ சொன்னபடி எதையும் குப்பையில் போடவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் தேடினேன். உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இத்தனை பேரை விசாரித்ததில்லை. சளி எடுக்கும் மெஷினை பிசியோதெரபி அம்மா ஒரு குழந்தைக்காக வாங்கிப் போனார். பிரிக்காத டயப்பர் பாக்கெட்டுகள் சொன்ன அன்றே போயின. அவன் சட்டைகள்தான் போகாது என்று நினைத்தேன், கையைத் தூக்கி மாட்ட முடியாது என்று எல்லாவற்றையும் முதுகுப்பக்கம் வெட்டி நாடா வைத்துத் தைத்திருந்தேனே, அதை யார் போடுவார்கள்? ஆனால் முதியோர் இல்லத்து நர்ஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிதாம்மா கடை கடையாத் தேடிட்டிருக்கோம், எத்தனை இருக்கு?" என்றாள். முப்பத்தொன்று இருந்தது, எல்லாம் கொடுத்துவிட்டேன். இப்போது துணி காயப் போட்டால் கொடியில் பாதி காலியாகக் கிடக்கிறது.

கட்டிலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரர் ஒரு பெண்ணை அனுப்பினார், சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். புருஷன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், நாலு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உன் அப்பா காலையிலேயே கட்டிலை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு எண்ணெய் போட்டுவிட்டு, வேலையே இல்லாத நாளில் பஸ் டிப்போவுக்குப் போய்விட்டார். அவள் கைப்பிடியைச் சுழற்றித் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு படுத்திருந்தாங்கக்கா?" என்று கேட்டாள். என் பையன் என்றேன். "இப்ப எழுந்து நடக்குறாரா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையடி. "ஆமா, நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அரை நிமிடம் எனக்கே அது நிஜம் போல இருந்தது, தெருமுனைக்குப் போயிருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்பது போல. கட்டில் வண்டியில் ஏறியது. தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து போன். "அக்கா, உங்க பையன ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, எப்படி எழுந்தாருன்னு இவருகிட்ட சொல்லட்டும். இவரு யாரோடயும் பேசுறதில்ல, சாப்பிடவும் மாட்டேங்குறாரு" என்று கெஞ்சினாள். அப்பாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "கட்டிலத்தானே குடுக்கச் சொன்னேன், அதோட எதுக்கு ஒரு பொய்யையும் சேத்துக் குடுத்தே?" என்றார், அப்புறம் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசல் வரை கூட வந்தார். உள்ளே வரவில்லை. ஒண்ணரை அறை வீடு, பெயிண்ட் டப்பாக்களில் துணிமணி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுப்புப் பக்கம் அவளைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் உண்மையைச் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ செத்தவங்க படுத்த கட்டிலையா குடுத்தீங்க? எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, சரி என்று தலையாட்டினேன். அப்போது கட்டிலிலிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது. "எத்தனை வருஷம் படுத்திருந்தான்?" பதினாறு என்றேன். "முதுகுல புண்ணு வந்துச்சா?" ஒரு நாளும் வரவில்லை, வர விடவில்லை என்றேன். மனைவி பக்கம் தலையைத் திருப்பி, "எனக்கு நாலு மாசத்துலயே ரெண்டு எடத்துல வந்திருக்கு. நடந்து போனவன் வந்து எனக்கு என்னத்தச் சொல்லப் போறான்? படுத்தவனப் பாத்துக்கிட்டவங்க வந்திருக்காங்க, கேட்டுக்க" என்றார்.

புண்ணை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளுக்குக் காட்டினேன். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, இழுக்காமல் உருட்ட வேண்டும், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, குதிகால் மெத்தையில் படக்கூடாது, விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். தம்பியைப் போல இரண்டு மடங்கு கனம் அவர். ஆனாலும் கை தானாகச் செய்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் நின்றாள், அப்புறம் அவளே செய்து பார்த்தாள். கட்டிலைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. நான் கிளம்பும்போது அவர், "உங்க பையன் பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதுதான் உறைத்தது, அவன் போன இந்த ஏழு மாதமாக நானும் அப்பாவும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவன், அவனுடையது என்றேதான் ஓட்டிக்கொண்டிருந்தோம். வெளியே வந்தேன், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் உள்ளே பேசியது கேட்டிருக்கிறது.

கடைசியாக ஒருமுறை தம்பியை வந்து பார்க்க முடியவில்லையே என்று உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே கண்ணு. நீ போனில் சிரித்தால் அவன் கண் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது தம்பியின் பேரைச் சொல்லிப் பேசு. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு
உன் அம்மா